எந்தத் துறை? எந்த நாடு?

பிரிட்டனில் 1974-இல் மருத்துவப் பட்டம் வாங்கி மருத்துவமனையில் முதலாண்டு ஹவுஸ் ஆபீசராக அல்லாடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தபால் போனது. உள்ளே கேள்விப் படிவமும் பதிலைத் திருப்பி அனுப்ப ஓர் உறையும். மேற்கொண்டு எந்தத் துறைக்குப் போக நினைக்கிறீர்கள், அந்த முடிவில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள், எது உங்களை அந்தப் பக்கம் இழுத்தது என்ற வகைக் கேள்விகள். அனுப்பியவர் மான்செஸ்டரில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பார்க்ஹவுஸ். கேள்விகளில் புதுமை ஏதும் இல்லை. பதில் எழுதியவர்களை அவர் அத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் புதுமை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டார்கள். ஐந்தாம் ஆண்டிலும் கேட்டார்கள், பத்தாம் ஆண்டிலும் கேட்டார்கள். 1977, 1980, 1983-இல் பட்டம் வாங்கியவர்கள் என்று அடுத்தடுத்த அணிகளும் சேர்ந்தன. பின்னால் வேலை ஆக்ஸ்போர்டுக்குப் போனது. மைக்கேல் கோல்டேக்கரும் புள்ளியியலாளர் ட்ரெவர் லாம்பர்ட்டும் அதை 2015-இல் பட்டம் வாங்கியவர்கள் வரைக்கும் கொண்டுவந்தார்கள். 1974, 1977 அணிகளை 2014-இல் மறுபடி தேடிப்போய், நீங்கள் எப்போது ஓய்வு பெற்றீர்கள், ஏன் என்று விசாரித்தார்கள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் முதல் படிவத்தை நிரப்பியவர்கள் அறுபதைத் தாண்டிய பிறகும் அந்தக் குழுவுக்குப் பதில் எழுதினார்கள். ஒரு தொழிலின் ஆயுளை இப்படி முழுசாகப் பின்தொடர்ந்த ஆய்வுகள் உலகத்தில் அதிகம் கிடையாது.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு பட்டு அறிந்திருந்தது. 1957-இல் வில்லிங்க் குழு, மருத்துவர்கள் தேவைக்கு மேல் பெருகிவிடுவார்கள் என்று கணித்து, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னது. சில ஆண்டுகளிலேயே மருத்துவமனைகளில் ஆள் இல்லை. 1968-இல் டாட் ஆணையம் வந்து, இல்லை, சேர்க்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும் என்றது. இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பியவர்கள் யார் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு வருகிறேன். மருத்துவர்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் போதாது, அவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சூழலில்தான் பிறந்தது.

அன்றைய இளம் மருத்துவரின் நிலையைக் கொஞ்சம் பார்க்கலாம். பட்டம் பெற்றதும் ஓராண்டு ஹவுஸ் ஆபீசர் வேலை. தங்குவது மருத்துவமனை வளாகத்திலேயே. வாரத்துக்கு நூறு மணி நேரம் ட்யூட்டி என்பது பலருக்குச் சாதாரணம். 1975-இல் இளநிலை மருத்துவர்கள் முதன்முறையாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். அதன் பிறகும் கூடுதல் நேரத்துக்குக் கிடைத்தது சாதாரண நேரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ராத்திரி முழுக்கக் கண் விழித்த மருத்துவருக்கு, பகலில் அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவரை விட மணிக்கூலி குறைவு என்ற புலம்பல் அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்டது.

ஆனாலும் பாதை தெரிந்த பாதை. கன்சல்டன்ட் எனப்படும் மூத்த சிறப்பு மருத்துவர் ஆக வேண்டுமானால் ஒரு பெரிய மருத்துவரின் கீழ் வேலை செய்து, அவர் சொல்லும் நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் ஆக வேண்டுமானால் 1981 வரை தனிப் பயிற்சி கட்டாயமே இல்லை. ஹவுஸ் ஆபீசர் ஆண்டை முடித்தவர் நேரே ஒரு கிளினிக்கில் பங்குதாரராக உட்கார்ந்துவிடலாம். சலுகையும் இருந்தது, சிபாரிசும் இருந்தது, யாரை யார் கவனிக்கிறார்கள் என்ற கணக்கும் இருந்தது. நியாயமான ஏற்பாடு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. அதனால்தான் அன்றைய படிவத்தின் தலையாய கேள்வி 'எந்தத் துறை?' என்பதோடு நின்றது. அந்த மருத்துவர் மருத்துவராகவே இருப்பார் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேள்வியாக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்டதில் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. பட்டம் வாங்கி மூன்றாம் ஆண்டில் ஒரு துறையைச் சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், பத்தாம் ஆண்டில் வேறு துறையில் இருந்தார் என்று 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் குழு எழுதியது. முதலாண்டுத் தேர்வு இதைவிடவும் ஆட்டம் காண்பது. இருபத்தைந்து வயதுக்காரர் சொல்லும் விருப்பத்தை வைத்துக்கொண்டு பத்தாண்டுத் திட்டம் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போகும் ஆய்வு இதைச் சொல்லவே முடியாது.

ஜிபி வேலையின் ஏற்ற இறக்கம் இந்த ஆய்வின் ரத்தின அத்தியாயம். 1983 அணியில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் ஜிபி ஆவதே முதல் விருப்பம் என்றார்கள். 1993 அணியில் அது நான்கில் ஒருவராகவும், 1996 அணியில் ஐந்தில் ஒருவராகவும் சரிந்தது. நடுவில் என்ன நடந்தது? 1990-இல் சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க் ஜிபிக்களின் எதிர்ப்பையும் மீறிப் புது ஒப்பந்தம் ஒன்றைத் திணித்தார். வேலை கூடியது, காகித வேலையும் கூடியது, மரியாதை குறைந்தது. இதே படிவத்தில் இன்னொரு வாக்கியமும் இருந்தது: இன்றைய நிலையில் மருத்துவமனை வேலையை விட ஜிபி வேலை கவர்ச்சியானது, ஒத்துக்கொள்கிறீர்களா? 2005-இல் நான்கில் மூன்று பேர் ஆமாம் என்றார்கள். 2004-இல் வந்த வேறொரு ஒப்பந்தம் ராத்திரிப் பொறுப்பைக் கழற்றிவிட வழி கொடுத்திருந்தது, வருமானமும் கூடியிருந்தது. 2015-இல் அதே வாக்கியத்தை ஒத்துக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். பத்தே வருஷத்தில் பாதிக்கும் கீழே. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து மாறினால் ஒரு தலைமுறையின் ஆசை மாறுகிறது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சரிவு நடந்துகொண்டிருந்தபோதே, மேற்பயிற்சிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஜிபி ஆக வேண்டும் என்று இங்கிலாந்துக்கு அரசு இலக்கு வைத்தது. ஐந்தில் ஒருவர் விரும்பும் வேலைக்கு இரண்டில் ஒருவரை அனுப்புவது எப்படி என்று இலக்கில் எழுதியிருக்கவில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 1974 அணியில் பெண்கள் நான்கில் ஒருவர் அளவுதான். பெண்ணைப் படிக்க வைத்தால் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவாள், பொதுப்பணம் வீண் என்று நம்மூர்ப் பெரியவர்கள் பேசிய அதே பேச்சு லண்டனிலும் புழங்கியது. படிவங்கள் வேறு கதை சொல்லின. பெரும்பாலான பெண்கள் தொழிலில் நீடித்தார்கள். பதவி உயர்வில் ஆண்களுக்குப் பின்தங்கியது உண்மை. ஆனால் எப்போதும் முழுநேரமே வேலை செய்த பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே மேலே போயிருந்தார்கள். பின்னடைவுக்குப் பெரும் காரணம் பகுதிநேர வேலைதான் என்று 2009-இல் இந்தக் குழு எழுதியது. அதைப் படித்துவிட்டுப் 'பாகுபாடு இல்லை' என்று சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி ஒப்பவில்லை. குழந்தை பிறந்தால் பகுதிநேரத்துக்கு மாறுவது ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள், பகுதிநேரம் பார்த்தால் ஏன் உயர்வு தாமதிக்கிறது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. 2025 தொடக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை முதன்முறையாகத் தாண்டியது. அந்தக் கேள்விகள் இனி பாதிப் பேரின் பிரச்சினை.

இன்றைக்கு வருவோம். வேலை நேரம் குறைந்தது மறுக்க முடியாத முன்னேற்றம். 1991-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பிய விதியின்படி 2009 ஆகஸ்டிலிருந்து வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம். சிபாரிசு முறையும் ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் வந்தது என்ன? 2005-இல் ஹவுஸ் ஆபீசர் பதவி போய் இரண்டாண்டு ஃபவுண்டேஷன் பயிற்சி வந்தது. 2007-இல் மேற்பயிற்சி இடங்களை நாடு முழுவதற்கும் ஒரே கணினித் தளத்தில் பங்கிட முயன்றார்கள். பல்லாண்டு உழைத்தவர்களுக்கு நேர்காணலே கிடைக்கவில்லை. விண்ணப்பித்தவர்களின் சொந்த விவரங்கள் வெளியே கசிந்தன. அந்த மார்ச்சில் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் லண்டன் தெருவில் நடந்தார்கள். சுகாதார அமைச்சர் பெட்ரீஷியா ஹெவிட் மன்னிப்புக் கேட்டார். பழைய முறையில் ஒருவர் உன்னைப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு ஊரில் இன்னொருவரைத் தேடலாம். புதிய முறையில் ஒரு மதிப்பெண் பட்டியல் நீ எந்த ஊரில் இருக்க வேண்டும், உன் கணவரோ மனைவியோ எத்தனை மைல் தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவு செய்கிறது. பயிற்சிக் காலத்தில் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை இடம் மாற்றம். குழு என்று ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. வளாகத்து விடுதியும் இல்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்து டீ குடிக்கும் அறையும் பல இடங்களில் இல்லை. மணி நேரம் குறைந்த பிறகும் களைப்பு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இதன் விளைவை இன்னொரு கணக்கெடுப்பு பதிவு செய்தது. இரண்டாண்டு ஃபவுண்டேஷன் பயிற்சியை முடிக்கும் எல்லாரிடமும் அடுத்து எங்கே என்று வருஷா வருஷம் கேட்டுவந்தார்கள். 2011-இல் நூற்றுக்கு 71 பேர் நேரே மேற்பயிற்சிக்குள் போனார்கள். 2016-இல் 50 பேர். 2018-இல் 38 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ஓராண்டு நிறுத்தி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறார்கள். லோக்கம் எனப்படும் தற்காலிக வேலை பார்க்கிறார்கள். சும்மா மூச்சு விட்டுக்கொள்கிறார்கள். ஃபவுண்டேஷனுக்கு அடுத்த மூன்றாம் ஆண்டு என்ற பொருளில் அந்த ஆண்டுக்கு 'எஃப்3' என்று பெயரே வந்துவிட்டது. திட்டத்தில் இல்லாத, எந்த அரசாணையும் உண்டாக்காத ஓர் ஆண்டு, களைப்பிலிருந்து தானாக முளைத்து, பெரும்பான்மைக்கு வழக்கமாகிவிட்டது.

ஆக்ஸ்போர்டு படிவத்திலும் இதே காற்று அடித்தது. 2012 அணியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 'நிச்சயம் பிரிட்டனிலேயே தொழில் செய்வேன்' என்றார்கள். 2015 அணியில் அப்படிச் சொன்னவர்கள் பாதியை ஒட்டியே. படிவத்தின் கடைசியில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள ஒரு வெற்றிடம் விடுவார்கள். புள்ளியியல்காரர்களுக்கு அது தலைவலி, எனக்கு அதுதான் படிவத்தின் உயிர். ஏன் போக நினைக்கிறீர்கள் என்பதற்கு அங்கே எழுதப்பட்டதைத் தொகுத்துக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சம்பளம் ஒரு காரணம்தான். வேலைச்சூழல், குடும்பம், அரசு நடத்தும் விதம், தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற எண்ணம் எல்லாம் அதோடு சேர்ந்து வருகின்றன. 2016-இல் ஒப்பந்தத்தை எதிர்த்தும், 2023-இலிருந்து சம்பளத்துக்காகவும் மறுபடி மறுபடி வேலைநிறுத்தம் செய்தவர்கள் யாரென்று புரிய அந்த வெற்றிடத்தைப் படித்தால் போதும். 2024 செப்டம்பரில் அவர்கள் 'ஜூனியர் டாக்டர்' என்ற பெயரையே மாற்றி 'ரெசிடென்ட் டாக்டர்' ஆனார்கள். முப்பத்தைந்து வயதில், பத்தாண்டு அனுபவத்தோடு, அறுவை செய்கிற ஒருவரை 'ஜூனியர்' என்று அழைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் 'போகிறேன்' என்று எழுதுகிறவர் எல்லாம் போய்விடுகிறாரா? இங்கேதான் நீண்டகால ஆய்வின் அருமை. பழைய அணிகளைத் தொடர்ந்தபோது, பிரிட்டனைச் சொந்த ஊராகக் கொண்டு அங்கேயே படித்தவர்களில், பட்டம் பெற்று இருபது ஆண்டு கழித்தும் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸில்தான் இருந்தார்கள். எஃப்3 எடுத்தவர்களிலும் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டில் பயிற்சிக்குத் திரும்புகிறார்கள். பத்திரிகைத் தலைப்பு எழுதுகிறவர் ஓராண்டுப் படிவத்தைப் பார்த்து 'மருத்துவர்கள் ஓட்டம்' என்று எழுதுவார். ஒரே நபரின் நாலு படிவத்தை அடுக்கிப் பார்ப்பவர் கொஞ்சம் பொறுத்திருப்பார்.

பொறுத்திருந்து பார்க்கவும் இப்போது ஒரு தடை உண்டு. முதல் அணிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பதில் அனுப்பினார்கள். மின்னஞ்சலும் இணையப் படிவமும் வந்த பிறகு வேலை சுலபமாகியிருக்க வேண்டும். 2015 அணியில் பதில் தந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இன்றைய இளம் மருத்துவரிடம் எல்லாரும் கருத்துக் கேட்கிறார்கள். மருத்துவப் பதிவேட்டை வைத்திருக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வருஷா வருஷம் பெரிய கணக்கெடுப்பு நடத்துகிறது. அதில் 2018 முதல் மனச்சோர்வு பற்றிய கேள்விகளும் சேர்ந்தன. மருத்துவமனை கேட்கிறது, பயிற்சி நிறுவனம் கேட்கிறது, சாப்பாட்டுக் கடை ரசீதும் நட்சத்திரம் கேட்கிறது. சொல்லிச் சொல்லி ஒன்றும் மாறாத இடத்தில் பத்தாவது படிவத்தை யார் நிரப்புவார்கள்? யார் பதில் அனுப்பவில்லை என்பதும் சந்தேகத்துக்குரியது. நாட்டை விட்டுப் போனவரும், மிகவும் களைத்தவரும் அந்த மௌனக் கூட்டத்தில்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, தள்ளிவைத்த கதைக்கு. வில்லிங்க் குழு தோண்டிய பள்ளத்தை நிரப்பியவர்கள் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் மருத்துவர்கள். சென்னையிலும் கொழும்பிலும் படித்த தமிழர்களும் அதில் உண்டு. 1975 வரை இந்திய மருத்துவப் பட்டத்துக்கு அங்கே நேரடி அங்கீகாரம் இருந்தது, அந்த ஆண்டு அது போய்த் தேர்வு வந்தது. கப்பல் ஏறியவர்களில் பலருக்கு அறுவை மருத்துவராகவோ இதய மருத்துவராகவோ ஆகும் கனவு. கிடைத்தது உள்ளூர்க்காரர்கள் தொடாத முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும், வேல்ஸ் சுரங்க ஊர்களிலும் தொழில் நகரங்களின் ஏழைப் பேட்டைகளிலும் ஜிபி வேலையும். முதியோர் மருத்துவம் அந்த நாட்டில் ஒரு துறையாக நிமிர்ந்ததில் தெற்காசியர்களின் உழைப்பை வரலாற்றாசிரியர்கள் இன்று ஆதாரத்தோடு எழுதுகிறார்கள்.

அவர்களுக்கு 1975-இல் அந்தப் படிவம் போகவில்லை. பிரிட்டிஷ் கல்லூரிகளில் பட்டம் வாங்கியவர்களைப் பின்தொடர்வதற்காகத் திட்டமிட்ட ஆய்வு அது. கல்லூரிப் பட்டியலைப் பிடித்துத்தான் ஆட்களைத் தேடினார்கள் என்பதால் வெளியிலிருந்து வந்தவரை வருஷா வருஷம் பின்தொடர எளிய வழியும் இல்லை. முறையியல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எந்தத் துறை வேண்டும்?' என்று ஒருவரைக் கேட்டு எழுதி வைத்த அதே ஆண்டுகளில், அவர் வேண்டாம் என்ற துறையில் உட்கார்ந்த இன்னொருவரிடம் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று யாரும் வருஷக்கணக்காகக் கேட்கவில்லை. இதே ஆக்ஸ்போர்டு குழு 2004-இல் கன்சல்டன்ட்களை இனப் பின்னணி, படித்த நாடு வாரியாக எண்ணிப் பார்த்தது, பாராட்ட வேண்டும். ஆனால் எண்ணுவது வேறு, ஒருவரை நாற்பது ஆண்டு கூட நடந்து கேட்பது வேறு.

இன்று அந்தக் குறை சின்னக் குறை இல்லை. அண்மை ஆண்டுகளில் பிரிட்டிஷ் பதிவேட்டில் புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் படித்தவர்கள். 2006-இல் ஒரே இரவில் குடியேற்ற விதியை மாற்றி அவர்களைப் பயிற்சி வரிசையின் கடைசிக்குத் தள்ளப் பார்த்தார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2008-இல் அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் வென்றது. இப்போது வேறு நெருக்கடி. 2025-இல் 10,000 மேற்பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் 30,000-க்கும் மேல். அந்த ஜூலையில் வெளியான அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், உள்ளூரில் படித்தவர்களுக்கு இனி முன்னுரிமை என்றது. சில ஆண்டுக்கு முன் ஆள் இல்லை என்று கூப்பிட்ட நாடு, இன்று இடம் இல்லை என்கிறது. 1957-க்கும் 1968-க்கும் நடுவில் ஆடிய அதே ஊஞ்சல்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனில் பதிவு பெறும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் நம்மிடையே ஏராளம். அங்கே போனால் முதல் வருஷத்தில் கிடைக்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லும் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் போனவர், பத்து வருஷத்துக்கு முன்னால் போனவர் இருவரையும் தேடிப் பிடியுங்கள். நினைத்த துறை கிடைத்ததா, எத்தனை ஊர் மாறினீர்கள், மறுபடி போவீர்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். அந்தக் கேள்விகளை அவர்களிடம் வருஷக்கணக்காகக் கேட்டு எழுதி வைத்த ஆய்வு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பம் போடுங்கள்.